சாலை விபத்தில் காயம்: கவனக்குறைவும் இழப்பீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் குடும்பம் கேட்கும் கேள்விகள் வேறு. சில மாதங்கள் கழித்து அதே குடும்பம் வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்கும் கேள்விகள் வேறு. முதல் வாரத்திலேயே சரியான பதில் கிடைத்திருந்தால், பின்னால் கேட்கப்படுபவற்றில் பாதி எழுந்தே இருக்காது. விபத்து இழப்பீட்டை அரசோ இன்சூரன்ஸ் நிறுவனமோ இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988 கொடுத்த உரிமை அது. ஆனால் அந்த உரிமையின் அளவு காகிதங்களில் தீர்மானமாகிறது. கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

அடிபட்ட அன்றே கவனிக்க வேண்டியது எது? அப்போது வழக்கைப் பற்றி நினைக்க முடியுமா?

உயிர்தான் முதலில். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரைச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. பயந்து விலகிப்போக வேண்டியதில்லை.

வழக்குக்காகக் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு. 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 'எப்படி அடிபட்டது?' என்று பணியில் இருக்கும் மருத்துவர் கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில் 'பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிடுவார். லாரி இடித்துத்தான் விழுந்திருப்பார். ஆனால் ஏட்டில் 'வாகனத்திலிருந்து விழுந்தார்' என்று பதிவாகிவிடும். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். எனவே எந்த வண்டி, எந்தப் பக்கத்திலிருந்து, எப்படி மோதியது என்பதைச் சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாத வண்டி மோதியது' என்று சொல்லுங்கள். ஊகித்து எதையும் சொல்ல வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். தாமதமாகப் பதிவானால் வழக்கு போய்விடுமா?

போகாது. அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடும் குடும்பம் காவல் நிலையத்துக்கு முதலில் போகவில்லை என்பதற்காகக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் புகார் மனுவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போய், அதற்குப் பிறகு திடீரென்று ஒரு வண்டி எண் முளைத்தால் நீதிபதி சந்தேகப்படுவது இயல்பு.

எஃப்.ஐ.ஆரோடு நின்றுவிடாதீர்கள். சம்பவ இடத்துப் பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதும் பதிவு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இறுதி அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் வாங்குங்கள். வரைபடத்தில் சாலையின் எந்த ஓரத்தில் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன, பிரேக் தடம் எங்கே தொடங்கியது என்று இருக்கும். ஆய்வாளர் அறிக்கையில் எந்த வண்டிக்கு எந்தப் பகுதியில் சேதம் என்று இருக்கும். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் இவைதான் சாட்சி. அந்தப் பகுதியில் கடைகளிலோ பெட்ரோல் பங்க்கிலோ கேமரா இருந்தால், பதிவு அழிவதற்குள் காவல் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

'கவனக்குறைவு' என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? எவ்வளவு தூரம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்பவர்தான் எதிர் வண்டியின் டிரைவர்மேல் தவறு இருந்தது என்று காட்ட வேண்டும். சட்டம் இங்கே எதிர்பார்ப்பது சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை அல்ல. 'நடந்திருக்க அதிக வாய்ப்பு எது?' என்ற அளவுகோல்தான். கிராமத்துச் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு அடிபட்டவரிடம் கொலை வழக்குக்கான ஆதாரம் கேட்பது நியாயமாகாது.

கவனக்குறைவு என்றால் வேகம் மட்டும் அல்ல. சைகை காட்டாமல் வலப்பக்கம் திரும்புவது, பயணி இறங்கி முடிப்பதற்குள் பஸ்ஸை எடுப்பது, பழுதான லாரியை எச்சரிக்கை விளக்கோ முக்கோணமோ இல்லாமல் நெடுஞ்சாலையில் நிறுத்திவைப்பது, பின்னால் பார்க்காமல் காரின் கதவைத் திறப்பது எல்லாமே அதில் அடங்கும். சில விபத்துகளில் நடந்த விதமே தவறைக் காட்டிவிடும். ஓரமாக நடந்துபோனவர்மேல் வண்டி ஏறியது, ஓடிக்கொண்டிருந்த பஸ் வயலில் கவிழ்ந்தது போன்றவற்றில் 'என் தவறு இல்லை' என்று விளக்க வேண்டிய பொறுப்பு டிரைவர் தரப்புக்குப் போய்விடும்.

குற்றவியல் வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டார். இனி இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும். இதற்கான அடிப்படைத் தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். இரவில் சென்ற தனியார் பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதி, எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். குற்றவியல் நீதிமன்றம் டிரைவரை விடுவித்தது. ஆனால் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் பஸ் தரப்பையே பொறுப்பாக்கியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் அமர்வு தீர்ப்பாயத்தின் முடிவு சரி என்றது. தண்டிக்கத் தேவையான குற்றத் தவறும், இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவும் ஒன்றல்ல என்று சொன்னது. சிறு சந்தேகங்களையும் நுணுக்கங்களையும் காட்டி டிரைவர்களும் உரிமையாளர்களும் தப்பிவிடத் தீர்ப்பாயங்கள் இடம் கொடுக்கக் கூடாது என்றும் எச்சரித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் தீர்ப்பை மனுதாரர் தரப்பு மேற்கோள் காட்டாத நாளில்லை.

மறுபக்கமும் உண்டு. டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அது உங்களுக்கு வலுவான ஆதாரம். அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கித் தாக்கல் செய்யுங்கள்.

என் பக்கமும் கொஞ்சம் தவறு இருந்தது. லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேராகப் போனோம். மொத்தமும் போய்விடுமா?

இந்தக் கேள்வியில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது. இதே இடத்தில்தான் அதிகப் பணமும் பறிபோகிறது. பொறுமையாகப் பார்ப்போம்.

விபத்து நடப்பதற்கு உங்கள் செயலும் ஒரு காரணமாக இருந்தால், உங்கள் பங்கு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் தொகையில் குறையும். இதற்குப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று பெயர். உங்கள்மேல் 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், 8 லட்சத்தில் 6 லட்சம் கிடைக்கும். முழுவதும் போகாது.

முக்கியமான சொல் 'காரணம்'. சட்டத்தை மீறுவது ஒன்று. அந்த மீறலால் விபத்து நடப்பது இன்னொன்று. லைசென்ஸ் இல்லாமல் தன் பாதையில் ஒழுங்காகப் போன ஒருவரை எதிரே வந்த வண்டி மோதினால், லைசென்ஸ் இல்லாததற்கு அபராதம் உண்டு. ஆனால் விபத்துக்கு அவர் காரணமாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. மூன்று பேர் பயணம் செய்தது பற்றி 2020-இல் இதையேதான் சொன்னது. மூன்று பேர் உட்கார்ந்ததால் வண்டி தடுமாறியது என்றோ, அதனால்தான் அடி பலமாகப் பட்டது என்றோ எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். பின்னால் வந்து மோதிய காருக்கு முன்னால் இருந்தவர்கள் இரண்டு பேரா மூன்று பேரா என்பது பொருட்டல்ல.

ஹெல்மெட் விஷயத்தில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. தலையில் அடிபட்ட வழக்குகளில் ஒரு பங்கைக் குறைத்த தீர்ப்புகள் உண்டு. கால் முறிந்தவருக்கு ஹெல்மெட்டைக் காட்டிக் குறைப்பதில் நியாயம் இல்லை; அப்படிக் குறைத்தால் மேல்முறையீடு செய்யத் தயங்காதீர்கள்.

மது விஷயம் கடுமையானது. 'மது வாடை வீசியது' என்று ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி இருந்தாலே இன்சூரன்ஸ் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சட்டம் சொல்லும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ரத்தப் பரிசோதனை செய்யாமல் வெறும் வாடையை வைத்து முழுப் பழியையும் சுமத்த முடியாது என்று வாதிட இடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு பங்களிப்புக் கவனக்குறைவு என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். டிரைவரைக் கூண்டில் ஏற்றாமல், வரைபடத்தை மட்டும் காட்டி '30 சதவீதம் குறைக்கவும்' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. டிரைவர் ஏன் சாட்சி சொல்ல வரவில்லை என்ற கேள்வியை உங்கள் வழக்கறிஞர் அழுத்திக் கேட்க வேண்டும்.

பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டன. நான் பயணி. யார்மேல் வழக்குப் போடுவது?

உங்கள்மேல் தவறே இல்லாதபோது, இரண்டு டிரைவர்களின் தவறும் சேர்ந்தது கூட்டுக் கவனக்குறைவு. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் உறுதி செய்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஆனாலும் இரண்டு வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு.

பைக்கின் பின்சீட்டில் இருந்தவருக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டியவரின் தவறால் மட்டும் விபத்து என்றால், அந்த பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் போதாது. முழுக் காப்பீடு இருந்தால்தான் பின்சீட்டில் இருந்தவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும்.

காதுகுத்துக்கு லோடு வண்டியில் போனோம், கவிழ்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் கொடுக்குமா?

சரக்கு வண்டியில் பயணியாக ஏறிப் போனவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தன் சரக்கோடு கூடவே போன சரக்கு உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய பிரதிநிதிக்கோ மட்டும் காப்பு உண்டு. மற்றவர்களுக்கு வண்டி உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் சொத்து இல்லாவிட்டால் கிடைத்த தீர்ப்பு காகிதமாகவே இருந்துவிடும். சில வழக்குகளில் 'இன்சூரன்ஸ் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன; அதை நம்பி ஏற முடியாது. ஊரே சேர்ந்து போகும் விசேஷத்துக்கு ஒரு வேன் பிடிப்பதற்கு ஆகும் செலவு, இதில் இழப்பதைப் பார்த்தால் மிகக் குறைவு.

வேறு வண்டியே இல்லை. குழியில் இறங்கி நானே விழுந்தேன்.

தன் தவறால் அடிபட்டவர், அல்லது எதிர் வண்டி இல்லாமல் விழுந்தவர், 166-ஆம் பிரிவில் கேட்க முடியாது. உங்கள் வண்டிக் காப்பீட்டில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அளவு 15 லட்சம் ரூபாய். இறப்புக்கும், கை கால் இழப்பு போன்ற குறிப்பிட்ட நிரந்தர ஊனங்களுக்கும் பொருந்தும். சாதாரண எலும்பு முறிவுக்குக் கிடைக்காது. லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். சாலையைப் பராமரிக்காத அமைப்பின்மேல் உரிமையியல் வழக்கோ ரிட் மனுவோ போடலாம்; அது வேறு பாதை, நீண்ட பாதை.

தவறை நிரூபிக்க முடியாவிட்டால்? இடித்த வண்டியே தெரியாவிட்டால்?

இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது.

வண்டி தெரியும், தவறை நிரூபிப்பது கடினம் என்றால் 164-ஆம் பிரிவு. தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல், இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். 2019 திருத்தத்தால் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். நல்ல வருமானம் இருந்த இளைஞர் காலை இழந்திருக்கும்போது 'சீக்கிரம் கிடைக்கும்' என்று 2.5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவது பெரும் இழப்பு. கணக்குப் போட்டுப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

வண்டியே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதியின் கோட்ட அளவிலான வருவாய் அலுவலரிடமோ தாசில்தாரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். 2 லட்சம் என்பது ஒரு உயிருக்குப் போதுமான தொகை இல்லை. ஆனாலும் இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

மனுவை எங்கே, எப்போது போட வேண்டும்?

விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எதற்கு உட்பட்ட மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களும் இந்தப் பணியைச் செய்கின்றன. கிருஷ்ணகிரி அருகே அடிபட்ட திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே போடலாம்.

காலக்கெடு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 1994 திருத்தத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கோமாவில் கிடப்பவருக்கும், மூன்றாவது அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் ஆறு மாதம் என்பது கொடுமையான கெடு என்றே நான் நினைக்கிறேன். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடரப்பட்டன. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை முடியாவிட்டாலும் மனுவைப் போட்டுவிடுங்கள். ஊனச் சான்றையும் பின்னால் வரும் ரசீதுகளையும் விசாரணையின்போது சேர்க்கலாம். காவல் துறை மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும், அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கருத வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் வழக்கில் அந்த அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று நிலையத்தில் கேளுங்கள்.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

காயத்துக்கான இழப்பீட்டை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் விரிவாக வகுத்துக் கொடுத்தது. அதன் மையக் கருத்து இதுதான்: உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது ஒன்று, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது வேறொன்று. இடது கை விரல்கள் போனால், எழுத்தருக்கு வேலை தொடரும். தையல்காரருக்கு வாழ்க்கையே நின்றுவிடும். மருத்துவக் குழு இருவருக்கும் ஒரே சதவீதம்தான் எழுதும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 32 வயதுக் கொத்தனார். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. முழங்கால் மடங்கவில்லை, மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கிறது. சாரத்தில் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது என்பதால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2017-இல் அரசியல் சாசன அமர்வு தீர்த்த பிரணய் சேத்தி வழக்கின்படி, 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். காய வழக்குகளிலும் இதைச் சேர்க்கலாம் என்பது 2020-இல் உறுதியானது. ஆக மாதம் 21,000; வருடத்துக்கு 2,52,000. 2009-இன் சரளா வர்மா வழக்கின்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கற்காரணி (வருட வருமானத்தைப் பெருக்க, வயதை வைத்து வகுத்த எண்) 16. பெருக்கினால் 40,32,000. அதில் 40 சதவீதம் 16,12,800 ரூபாய். இது வருமான இழப்பு மட்டும். கொத்தனார்மேல் 20 சதவீதப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று வந்தால் 12,90,240 ஆகக் குறையும்.

இப்போது இன்னொரு முறை. வேலைத்திறன் இழப்பு நிரூபிக்கப்படாவிட்டால், சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று மொத்தமாகக் கொடுப்பது தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் பழக்கம். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் அதே கொத்தனாருக்கு 30 சதவீதத்துக்கு 1,50,000 ரூபாய்தான். அதே கால், அதே விபத்து. 16 லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் நடுவே இருப்பது, அவர் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியாது என்பதை எவரும் சாட்சியத்தில் சொல்லவில்லை என்ற ஒரே காரணம். மேஸ்திரியைச் சாட்சியாக அழைத்து வாருங்கள். நலவாரிய அட்டை இருந்தால் தாக்கல் செய்யுங்கள். மருத்துவரிடம் 'இவரால் சாரம் ஏற முடியுமா?' என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உதவியாளர் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், எதிர்காலச் சிகிச்சை (உள்ளே வைத்த தகட்டை எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்), வலியும் வேதனையும், வாழ்க்கையின் வசதிகளை இழந்தது, திருமண வாய்ப்புக் குறைந்தது எல்லாம் தனித்தனித் தலைப்புகள். தாயோ மனைவியோ கூட இருந்து பார்த்துக்கொண்டாலும் உதவியாளர் செலவு உண்டு. அந்த உழைப்புக்கும் விலை இருக்கிறது. மனுவில் கேட்டதைவிட அதிகம் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

சம்பள ரசீது இல்லை. வீட்டு வேலை மட்டும் செய்பவர், குழந்தை: இவர்களுக்கு?

ரசீது இல்லாததற்காக வருமானமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு காலை இழந்த காய்கறி வியாபாரிக்கு, எந்த ஆவணமும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானத்தை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நடந்தது 2008 விபத்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்தத் தொகையைச் சொல்லிக் குறைக்க வந்தால் ஏற்காதீர்கள்.

இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும், அதற்கும் எதிர்கால உயர்வு சேர்க்கலாம் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடியற்காலையிலிருந்து இரவு வரை செய்யும் வேலையை 'சும்மா இருக்கிறார்' என்று மனுவில் எழுதாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் 2020-இல் வந்த ஒரு தீர்ப்பு முக்கியமானது. விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் பிறர் உதவியோடு வாழ வேண்டிய 12 வயதுச் சிறுமிக்கு மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்க உத்தரவானது. அதில் உதவியாளர்களுக்கு மட்டும் 21.6 லட்சம். ஒரு மொத்தத் தொகையை உத்தேசமாக எழுதாமல், உதவியாளர் செலவையும் பெருக்கற்காரணியால் கணக்கிட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் பயன்.

டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் மறுக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால்?

முதல் நிலையில் பயப்பட வேண்டியதில்லை. மூன்றாம் நபரான உங்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடுவது 2004 முதல் நிலைபெற்ற நடைமுறை. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டதால், ஷேர் ஆட்டோ, குட்டியானை போன்ற வண்டிகளில் எழுப்பப்பட்ட பழைய மறுப்புகள் பெரும்பாலும் செல்லாது.

இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால் உரிமையாளர்தான் பொறுப்பு. காவல் நிலையத்திலிருந்து வண்டி விடுவிக்கப்படுவதற்கு முன், பிணைத் தொகை கட்டாமல் விடக் கூடாது என்று உடனே மனுச் செய்யுங்கள். வண்டி வெளியே போய்விட்டால் பிடிமானம் போய்விடும்.

'காவல் நிலையத்திலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். லோக் அதாலத்துக்கும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

இரண்டும் ஒன்றல்ல. நிலையத்தில் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு 'புகார் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுவாரம் மூளையில் ரத்தக் கசிவு என்று தெரியவந்தவர்கள் உண்டு. எழுதிக் கொடுக்காதீர்கள்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) சட்டப்படியான அமைப்பு. இன்சூரன்ஸ் நிறுவனமும் வந்து உட்காரும். பணம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்றுக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. மேலே சொன்ன முறையில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நியாயமான தொகைக்கு அருகில் வந்தால் ஏற்பதில் தவறில்லை. பாதிக்கும் கீழே சொன்னால் எழுந்து வந்துவிடலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

வழக்கறிஞருக்கு எத்தனை சதவீதம் கொடுப்பது?

வரும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தை முன்கூட்டியே ரூபாயில் பேசுங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். மருத்துவமனைப் படுக்கை அருகே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகரை விரட்டுங்கள். ஓட்டாத டிரைவரை ஓட்டியதாகவும், இல்லாத வண்டியை இருந்ததாகவும் காட்டி அவர்கள் உருவாக்கும் வழக்கு, உண்மையாக அடிபட்ட உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை.

மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி ஓடும்; தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம். எதிர்த்தரப்புக்கும் உங்களுக்கும் மேல்முறையீட்டுக்கு 90 நாள். அவர்கள் உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டால், தொகையையோ அதில் ஒரு பகுதியையோ கட்டச் சொல்வதே வழக்கம். கட்டிய தொகையில் ஒரு பங்கை எடுக்க நீங்கள் மனுப் போடலாம். குறைவாகக் கொடுத்ததாக நினைத்தால் நீங்களும் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்றால் நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பஸ்களுக்குத் தனியார் இன்சூரன்ஸ் இருப்பதில்லை. கழகமே கொடுக்க வேண்டும். பஸ் நிலையத்தில் நீதிமன்ற அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்தார் என்று நாளிதழில் படிக்கிறோமே, அது பெரும்பாலும் இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒரு குடும்பத்தின் நிறைவேற்று மனுதான்.

பணம் நீதிமன்றக் கணக்குக்கு வந்ததும், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேரடியாக மாற்றும்படி கேளுங்கள். மைனர் குழந்தையின் பங்கு, 18 வயது வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். அதற்கான வட்டியை எடுத்துக்கொள்ளப் பெற்றோருக்கு அனுமதி உண்டு. படிப்புக்கோ அறுவை சிகிச்சைக்கோ அசலில் ஒரு பகுதி தேவைப்பட்டால், கட்டண விவரத்தை இணைத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு வாங்கலாம்.